அப்புக்காத்து செல்வநாயகம் தந்தை செல்வா ஆனது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இலங்கை வரலாறு படிக்க வரும் மாணவர்களும், வெளிநாடுகளில் வளர்ந்த உறவுப் பிள்ளைகளும் சா. ஜே. வே. செல்வநாயகத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி, ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. ஆகவே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன்.

செல்வநாயகம் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கொழும்பில் பெயர்பெற்ற சிவில் சட்டத்தரணி. 1947 இல் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1949 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோழர்களோடு சேர்ந்து நிறுவினார். 1956 முதல் 1977 இல் இறக்கும்வரை வடக்குக் கிழக்குத் தமிழரின் முதன்மைத் தலைவராக இருந்தார். இரண்டு பிரதமர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். அந்த இரண்டும் முழுமையாக நிறைவேறவில்லை. மக்கள் அவரைத் தந்தை செல்வா என்றும் ஈழத்துக் காந்தி என்றும் அழைத்தார்கள்.

மலேசியாவில் பிறந்தவர் என்கிறார்களே. அப்படியானால் அவர் யாழ்ப்பாணத்தவர் இல்லையா?

1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர் பலர் வேலை தேடி மலாயா சென்றார்கள். அவருடைய தந்தையும் அப்படிச் சென்றவர்தான். சிறுவயதிலேயே தாயுடன் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரி, பிறகு கொழும்பு சென் தோமஸ் கல்லூரி என்று படிப்புத் தொடர்ந்தது. பின்னாளில் பிரதமராகி அவரோடு ஒப்பந்தம் செய்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அதே சென் தோமஸில் அவர் காலத்தில் படித்தவர்.

பிறந்த மண்ணை விட்டு வேறிடத்தில் வளர்ந்த ஒருவர், 1948 இல் பிறப்பையும் வம்சத்தையும் வைத்துக் குடியுரிமையை அளக்கும் சட்டம் வந்தபோது அதைக் கூர்ந்து பார்த்ததில் வியப்பில்லை. இது என் ஊகம்தான். அவர் தம்மைப் பற்றி அதிகம் பேசும் இயல்புடையவர் அல்லர்.

முதலில் ஆசிரியராக இருந்தாராமே? பிறகு ஏன் சட்டத்துக்குப் போனார்?

ஆம். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக விஞ்ஞானப் பட்டம் பெற்று, கொழும்பில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார். நோயுற்றிருந்த சகோதரரைப் பார்க்க விடுப்புக் கிடைக்காததால் முதல் பள்ளியை விட்டு விலகினார். வேறொரு கல்லூரியில் கற்பித்துக்கொண்டே சட்டக் கல்லூரியில் படித்து, 1923 இல் அப்புக்காத்தாக (உயர் மன்றங்களில் வாதாடும் சட்டத்தரணியாக) பதிவு செய்துகொண்டார்.

அவர் என்ன மாதிரியான சட்டத்தரணி? கொலை வழக்குகளில் வாதாடினாரா?

இல்லை. பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். யூரிமாரை (நடுவர் குழுவினரை) உருக வைத்து, சாட்சியைக் கூண்டில் திணறடித்துப் புகழ்பெற்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். குற்றவியல் வழக்குகளில் அவருக்கு இணை சொல்ல ஆள் குறைவு. செல்வநாயகம் சிவில் சட்டத்தரணி. காணி உறுதி, மரணசாசனம், உடன்படிக்கை போன்றவற்றில் உழல்வது சிவில் தொழில். கொழும்பில் நீதிமன்றங்கள் உள்ள அல்ஸ்டொர்ப்பில் மேன்முறையீடுகளில் வாதாடி, ஊரில் இராணி அப்புக்காத்து என்று சொல்லும் உயர்தகுதியையும் அடைந்தார்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அரசியல் முழுவதற்கும் இதுதான் திறவுகோல் என்பது என் கருத்து. சிவில் சட்டத்தரணிக்குக் குரல் வேண்டியதில்லை, பத்திரம் வேண்டும். எதிராளியைத் தோற்கடிப்பதைவிட அவனிடம் கையெழுத்து வாங்குவது பெரிய வெற்றி. செல்வநாயகத்துக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். பின்னாளில் பார்க்கின்சன் நோயும் செவிப்புலன் குறையும் சேர்ந்துகொண்டபோது மேடையில் அவர் சொல்வது முன்வரிசைக்கே கேட்காது. ஆனாலும் மைதானம் நிறைந்து மக்கள் அமர்ந்திருந்தார்கள். பேச்சாற்றல் இல்லாமல் தலைவராக முடியாது என்பவர்களுக்கு நான் எப்போதும் இவரையே காட்டுவேன்.

நல்ல வருமானம் உள்ள தொழில். 49 வயதில் ஏன் அரசியலுக்கு வந்தார்?

1944 இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தோன்றியபோதே செல்வநாயகம் அதில் முன்னணியில் இருந்தார். பிரித்தானியர் நாட்டை விட்டுப் போகப்போகிறார்கள், அடுத்த அரசியல் யாப்பு எழுதப்படப் போகிறது என்ற காலம். யாப்பைப் பற்றி விசாரிக்கப் பிரித்தானியர் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு வந்து போனது. யாப்பு என்பது ஒருவகையில் மிகப்பெரிய உடன்படிக்கை. அதன் வாசகம் பிசகினால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதோடு வாழ வேண்டியிருக்கும். அதை அறிந்த சட்டத்தரணிகள் பலர் அந்த ஆண்டுகளில் அரசியலுக்கு இழுக்கப்பட்டார்கள்.

1947 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. காங்கேசன்துறை அவற்றில் ஒன்று.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்க வாக்களித்தார், அதனால் செல்வநாயகம் பிரிந்தார். சரிதானே?

பாதி சரி. இரண்டு சட்டங்களை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழரில், அதாவது இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களில், மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது அதுதான். ஆகஸ்ட் மாதத்தில் அது விவாதத்துக்கு வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. பொன்னம்பலமும் எதிர்த்தார். அதற்குப் பிறகு செப்டம்பரில் அவர் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார்.

அடுத்து வந்தது இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமை மசோதா. விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழியைத் திறப்பதாகச் சொல்லி, நிறைவேற்ற முடியாத அளவுக்குச் சான்றுகளைக் கேட்டது அது. 1948 டிசம்பரில் பொன்னம்பலம் அமைச்சராக இருந்து அதை ஆதரித்தார். செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் எதிர்த்தார்கள். பிளவு அங்கே உறுதியானது. பொன்னம்பலத்தின் தவறைப் பெரிதாக்க உண்மையை வளைக்க வேண்டியதில்லை. நடந்ததே போதிய அளவு கனமானது.

மலையகத் தமிழர் அவருடைய தொகுதி வாக்காளர்கூட இல்லையே. அவர்களுக்காக ஏன் கட்சியை உடைத்தார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் அன்று மலையகத் தமிழர் மீது பெரிய அக்கறை இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர்களுக்காகப் பேசினால் காங்கேசன்துறையில் ஒரு வாக்கும் கூடாது. ஆனால் செல்வநாயகம் அந்த மசோதாவில் ஒரு முன்தீர்ப்பைக் கண்டார். ஒரு சமூகத்தின் வாக்குரிமையைச் சாதாரணப் பெரும்பான்மையால் எடுக்கலாம் என்றால், அடுத்த சமூகத்தின் மொழியையும் காணியையும் அதே வழியில் எடுக்கலாம். 1949 இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினார்கள். மலையக மக்களின் பிரதிநிதிகள் அடுத்த பாராளுமன்றத்தில் இல்லாமற் போனார்கள்.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வருவதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே அவர் இதைக் கண்டுகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நீதிமன்றத்தில் “கட்சிக்காரர்” என்றால் வழக்கைக் கொண்டுவந்தவர். அரசியலில் “கட்சிக்காரர்” என்றால் நம்மோடு நிற்பவர். தம்மிடம் வழக்கைக் கொண்டுவராத, தமக்கு வாக்களிக்கவும் முடியாத மக்களை அவர் தம் கட்சிக்காரராக எடுத்துக்கொண்டார்.

கட்சியின் பெயரே “தமிழரசு”. அப்படியானால் தொடக்கத்திலேயே தனிநாடுதானே நோக்கம்?

இல்லை. 1949 டிசம்பர் 18 இல் கொழும்பு மருதானையில், அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் கட்சி தொடங்கியபோது கேட்டது சமஷ்டி, அதாவது கூட்டாட்சி. ஆங்கிலத்தில் கட்சி “பெடரல் பார்ட்டி” என்றே அழைக்கப்பட்டது. ஒரு நாட்டுக்குள் தமிழ் பேசும் பகுதிகளுக்குத் தன்னாட்சி, சுவிட்சர்லாந்தைப் போல என்பதே விளக்கம்.

தமிழில் “அரசு” என்ற சொல் மாநில அரசுக்கும் பொருந்தும், தனி அரசுக்கும் பொருந்தும். சிங்கள அரசியல்வாதிகள் இந்தப் பெயரை எடுத்துக்காட்டித் தம் மக்களைப் பயமுறுத்தினார்கள். சொற்களில் இவ்வளவு கவனமான ஒரு சட்டத்தரணி இந்த ஒரு சொல்லில் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கட்சி தொடங்கியதும் மக்கள் திரண்டு வந்தார்களா?

வரவில்லை. 1952 தேர்தலில் தமிழரசுக் கட்சி இரண்டே இடங்களில் வென்றது. கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் என். ஆர். இராஜவரோதயம். செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். மீண்டும் வழக்குகளுக்குத் திரும்பினார்.

1956 இல் மொழிப் பிரச்சினை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அந்தத் தேர்தலில் கட்சி 10 இடங்களைப் பெற்றது. அவர் சொன்ன எச்சரிக்கை அவரவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற பிறகே மக்கள் நம்பினார்கள்.

அவர் கிறிஸ்தவர். சைவர் பெரும்பான்மையான மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

எதிரணியினர் மதத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஓரளவு வேலை செய்தது, நீண்டநாள் எடுபடவில்லை. அவர் மதத்தை மறைக்கவுமில்லை, வாக்குக்காக மாறவுமில்லை. வேட்டி சால்வையோடு வாழ்ந்த, கைசுத்தமான மனிதர் என்ற பெயர் இருந்தது. “தமிழ் பேசும் மக்கள்” என்ற தொடரைக் கட்சி விடாமல் பயன்படுத்தியது கிழக்கின் முஸ்லிம்களையும் சேர்த்துக்கொள்ளத்தான்.

இவ்வளவு சட்டத்தரணிகள் இருந்த கட்சி, அநீதியான சட்டங்களை எதிர்த்து ஏன் வழக்குப் போடவில்லை?

வழக்குகள் போடப்பட்டன. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்களை இதன்கீழ் எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்ற போக்கில் 1953 இல் அது தள்ளுபடியானது.

மொழிச் சட்டத்துக்கு எதிரானது கோடீஸ்வரன் வழக்கு. சிங்களத் தேர்ச்சி இல்லாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் தொடுத்தது. 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் (அரசின்) மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி அதைப் புரட்டியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை அது தொடவில்லை. 1969 இல் பிரிவி கவுன்சில், வழக்குத் தொடரலாம் என்று சொல்லி, மொழிக் கேள்வியை இலங்கை நீதிமன்றமே தீர்மானிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. அதன் பிறகு பிரிவி கவுன்சிலுக்கு முறையிடும் உரிமையே எடுக்கப்பட்டது. 1972 யாப்பில் 29 ஆம் பிரிவும் இல்லை. கேள்வி இன்றுவரை தீர்ப்பில்லாமல் கிடக்கிறது.

ஆகவே “வழக்குப் போட்டிருக்கலாமே” என்பவர்கள் காலக்கணக்கைப் பாருங்கள். ஒரு எழுதுவினைஞரின் சம்பள உயர்வுக்கு இத்தனை ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை அரச வேலையிலிருந்து வெளியேறிவிட்டது.

சட்டத்தை மதித்தவர், சட்டத்தை மீறும் போராட்டங்களை எப்படி நடத்தினார்?

மறைக்காமல் மீறினார், தண்டனையை ஏற்றுக்கொண்டார். சட்ட மறுப்பில் இதற்கு மரியாதையான இடம் உண்டு. 1956 ஜூன் 5 இல், தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, காலிமுகத்திடலில் அவரும் தோழர்களும் அமைதியாக உட்கார்ந்தார்கள். காடையர் கூட்டம் அவர்களைத் தாக்கியது. பொலிஸார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1961 போராட்டம் இன்னும் பெரியது. பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் வடக்குக் கிழக்கின் கச்சேரிகளுக்குப் பரவி, அரச நிர்வாகமே நின்றுபோனது. ஏப்ரல் 14 இல் கட்சி சொந்தமாகத் தமிழரசு அஞ்சல் சேவையைத் தொடங்கி முத்திரை விற்றது. மூன்று நாள்களில் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் உடனடிக் காரணங்களில் ஒன்று, நீதிமன்ற மொழியைச் சிங்களமாக்கிய 1961 ஆம் ஆண்டுச் சட்டம். தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நீதிமன்றத்தில் கழித்தவருக்கு, தம் மக்கள் தம் மொழியில் வழக்குச் சொல்ல முடியாது என்பது எப்படி உறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பண்டா–செல்வா ஒப்பந்தத்தில் அப்படி என்னதான் இருந்தது?

1957 ஜூலை 26 இல் கையெழுத்தானது. வடக்குக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. மாகாண எல்லையைக் கடந்தும் சபைகள் இணையலாம். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி போன்ற அதிகாரங்கள் சபைகளுக்கு. தமிழ் தேசியச் சிறுபான்மை மொழியாக ஏற்கப்படும், வடக்குக் கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடக்கலாம். தனிச் சிங்களச் சட்டம் நீங்காது.

சமஷ்டியும் இல்லை, மொழிச் சமத்துவமும் இல்லை. செல்வநாயகம் கேட்டதில் பாதிக்கும் குறைவு. அதை அவர் ஓர் இடைக்கால ஏற்பாடாக ஏற்று, ஆகஸ்டில் நடத்தவிருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டார். ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தனா ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைப்பயணம் தொடங்கினார். 1958 இல் வாகனத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, தமிழர் பகுதிகளில் அதைத் தார் பூசி அழித்தார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் அழிக்கப்பட்டன. ஏப்ரல் 9 இல் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள். அன்றே பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் நாடு முழுவதும் தமிழர் மீது வன்முறை. தமிழரசுக் கட்சி தடை செய்யப்பட்டு, தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள்.

ஒருமுறை ஏமாந்தவர் ஏன் மறுபடியும் டட்லியோடு ஒப்பந்தம் செய்தார்?

1965 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தமிழரசுக் கட்சியிடம் 14 இடங்கள். இம்முறை பேரம் பேசும் பலம் கையில் இருந்தது. மார்ச் 24 இல் அக்கட்சியின் தலைவர் டட்லி சேனநாயக்காவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. மாவட்ட சபைகள், நீதிமன்றங்களில் தமிழ், குடியேற்றத் திட்டங்களில் காணி வழங்கும்போது மாவட்டத்தின் காணியற்றவருக்கும் அடுத்து வடக்குக் கிழக்கின் தமிழ் பேசும் மக்களுக்கும் முன்னுரிமை.

முழுதும் வீண்போனது என்பது சரியன்று. 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. ஆனால் மாவட்ட சபைத் திட்டம் 1968 இல் கைவிடப்பட்டது. மேலேயுள்ள பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்டது ஒவ்வொரு முறையும் குறைந்தது: சமஷ்டியிலிருந்து பிரதேச சபைக்கு, அங்கிருந்து மாவட்ட சபைக்கு. குறைத்துக் கேட்டபோதும் கிடைக்கவில்லை.

அவர் ஏன் அமைச்சராகவில்லை?

பொன்னம்பலம் அமைச்சரானதைக் குறை சொல்லிப் பிறந்த கட்சி அது. 1965 இலும் அவர் பதவி ஏற்கவில்லை. செனட்டர் மு. திருச்செல்வம் மட்டும் உள்ளூராட்சி அமைச்சரானார். முன்னாள் சொலிசிட்டர் ஜெனரலான (அரசின் மூத்த சட்ட அதிகாரியான) அவரிடம் மாவட்ட சபைச் சட்டத்தை வரையும் பொறுப்பைக் கொடுப்பதே நோக்கம். திருகோணமலைக் கோணேஸ்வரர் கோயில் சூழலைப் புனித நகராக்கும் விடயத்தில் பிரதமரோடு முரண்பட்டு 1968 இல் திருச்செல்வம் விலகினார். அதன் பிறகு கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது.

கட்சித் தலைவர் பதவி கடைசிவரை அவரிடமே இருந்ததா?

இல்லை. வன்னியசிங்கம், இராஜவரோதயம், சி. மூ. இராசமாணிக்கம் ஆகியோரும் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். கிழக்கிலிருந்து தலைவர்கள் வரவேண்டும் என்பதில் கட்சி கவனமாக இருந்தது. யார் பதவியில் இருந்தாலும் மக்கள் பார்த்தது செல்வநாயகத்தைத்தான்.

சாதிப் பிரச்சினையில் அவர் என்ன செய்தார்? இதை யாரும் பேசுவதில்லை.

பேச வேண்டும். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பது கட்சியின் கொள்கைகளில் ஒன்று. ஆனால் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கேட்டுப் போராடியபோது, கட்சி உறுதியோடு அவர்கள் பக்கம் நிற்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மாவிட்டபுரம் செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதி. கிறிஸ்தவரான அவர் சைவக் கோயில் விடயத்தில் தலையிடத் தயங்கினார் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள்.

அந்த விளக்கம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. வாக்களிக்க முடியாத மலையக மக்களுக்காகக் கட்சியை உடைத்தவரிடம், தம் தொகுதிக் கோயில் வாசலில் நின்ற மக்களும் அதையே எதிர்பார்த்திருப்பார்கள். அவரை மதிக்கிறவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1972 இல் ஏன் பதவி விலகினார்? அதனால் என்ன பயன்?

1970 இல் புதிய யாப்பை எழுத அரசியல் நிர்ணய சபை கூடியபோது தமிழரசுக் கட்சி கலந்துகொண்டு சமஷ்டி யோசனையை முன்வைத்தது. அது தோற்றது, மொழி யோசனையும் தோற்றது, 1971 இல் வெளியேறியது. 1972 மே 22 இல் குடியரசு யாப்பு வந்தது. அக்டோபர் 3 இல் செல்வநாயகம் தம் இடத்தைத் துறந்தார். புதிய யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்பதைக் காங்கேசன்துறை இடைத்தேர்தலே சொல்லட்டும், அரசு தம்மை எதிர்த்துப் போட்டியிடட்டும் என்றார். நீதிமன்றக் கதவு மூடிவிட்ட நிலையில் (கோடீஸ்வரன் வழக்கைப் பற்றிய பதிலைப் பாருங்கள்) வாக்காளரையே நீதிபதிகளாக்கிய செயல் இது.

அரசு இடைத்தேர்தலை நடத்தவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொகுதிக்குப் பிரதிநிதியே இல்லை. கடைசியில் 1975 பெப்ரவரி 6 இல் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் வ. பொன்னம்பலம் எதிர்த்து நின்றார். செல்வநாயகம் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவருக்கு 76 வயது, நடப்பதற்கே துணை வேண்டும்.

வாழ்நாள் முழுவதும் சமஷ்டி கேட்டவர், வட்டுக்கோட்டையில் தனிநாடு கேட்டது முரண் இல்லையா?

1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் நடந்த தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாட்டுக்கு அவர்தான் தலைமை வகித்தார். தீர்மானத்தை வாசித்துப் பாருங்கள், அது ஒரு வழக்குரை போலவே இருக்கிறது. குடியுரிமை, குடியேற்றம், மொழி, யாப்பு என்று குறைகளை வரிசையாக அடுக்கி, பிறகு பரிகாரம் கேட்கிறது. மத்தியஸ்தம் தோற்றது, உடன்படிக்கை மீறப்பட்டது, நீதிமன்றம் இல்லை, ஆகவே கூட்டை முறிக்கிறோம் என்ற வாதம் அது.

முரண் உண்டு என்றால் வேறிடத்தில் இருக்கிறது. தனிநாடு கிடைத்தாலும் மலையக மக்கள் அதற்கு வெளியேதான் இருப்பார்கள். 1949 இல் கட்சி பிறந்ததே அவர்களுக்காக. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் இந்தக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றதில் நியாயம் இருந்தது. அவர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். செல்வநாயகம் இதை எப்படித் தமக்குள் தீர்த்துக்கொண்டார் என்பதுதான் அவரைப் பற்றி எனக்கு எஞ்சியிருக்கும் பெரிய கேள்வி.

“நல்ல சட்டத்தரணி, ஏமாளி அரசியல்வாதி” என்று அப்பா சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. உடன்படிக்கை மீறப்பட்டால் நீதிமன்றம் போகலாம் என்ற உலகத்தில் பழகியவர் செல்வநாயகம். பிரதமரின் கையெழுத்தை நிறைவேற்ற எந்த நீதிமன்றமும் இல்லை. எதிர்த்தரப்பில் கையெழுத்திட்டவர் தம் சொந்தக் கட்சிக்காரரைக் கட்டுப்படுத்த முடியாதவர் என்பதையும் அவர் குறைவாக மதிப்பிட்டார். இது உண்மையான குறை.

ஆனால் ஏமாளி என்ற சொல்லை ஏற்க மாட்டேன். வாய்ப்பேச்சாக வாங்கியிருந்தால், அப்படி ஒரு வாக்குறுதியே தரவில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். எழுத்தில் வாங்கியதால் எது ஒப்புக்கொள்ளப்பட்டது, யார் மீறினார்கள் என்பதில் இன்றும் தகராறு இல்லை. அதிகாரப் பகிர்வு பற்றி அதன் பிறகு நடந்த பேச்சுகளில் 1957 ஆம் ஆண்டுத் தாள் திரும்பத் திரும்ப மேசைக்கு வருகிறது. அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

பொன்னம்பலமும் அவரும் கடைசிவரை பகைவர்களாகவே இருந்தார்களா?

இல்லை. 1972 இல் தமிழர் கூட்டணி (பின்னாளில் தமிழர் விடுதலைக் கூட்டணி) உருவானபோது தமிழ்க் காங்கிரஸும் அதில் சேர்ந்தது. 1976 இல், குடியரசு தினத்தைப் புறக்கணிக்கச் சொல்லித் துண்டறிக்கை கொடுத்ததற்காக அ. அமிர்தலிங்கம் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகி, மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயத்தின்முன் நிறுத்தப்பட்டார்கள். தமிழ்ச் சட்டத்தரணிகள் ஏறத்தாழ எழுபது பேர் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக முன்வந்தார்கள். குற்றவியல் மேதை பொன்னம்பலமும் சிவில் சட்டத்தரணி செல்வநாயகமும் அங்கே ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு பெப்ரவரி 9 இல் பொன்னம்பலம் காலமானார். ஏப்ரல் 26 இல் செல்வநாயகம். ஜூலையில் நடந்த தேர்தலில் கூட்டணி 18 இடங்களை வென்றது. இருவரும் அதைக் காணவில்லை. யாழ்ப்பாண நூலகத்துக்கு அருகே உயர்ந்து நிற்கும் தூண் செல்வநாயகத்தின் நினைவாக எழுப்பப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போது என் மாணவர்களை அங்கே நிறுத்தி, 1948 டிசம்பர் வாக்கெடுப்பிலிருந்துதான் கதையைத் தொடங்குவேன்.